மெமரி போதாது

1989 நவம்பர், வியாழன் இரவு

நான் பதிவெழுதும் பள்ளிவாசலின் கம்ப்யூட்டர் மூன்று நாளாக "மெமரி போதாது" என்று சொல்லி, நிகாஹ் பதிவைத் திறக்க மறுத்தது. மெமரி என்றால் ஞாபகம் என்று என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் சொன்னது. ஞாபகம் நிறைந்துவிட்டதாக்கும், கொஞ்சம் இறக்கி வைப்போம் என்று மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களின் பட்டியலை அழித்தேன். அவர்களா கந்தூரிச் சோறு கேட்டு வரப்போகிறார்கள்? மெஷின் அப்போதும் அதையேதான் சொன்னது.

கண்டியில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் இன்று லீவில் வந்து பார்த்தாள்.

"வாப்பா, மெமரி வேற, டிஸ்க் வேற. தொடங்கக்குள்ள சும்மா ஏறுற ரெண்டு புரோகிராம நிப்பாட்டினாக் காணும்."

நிறுத்தினாள். உடனே திறந்தது.

"அழிச்சத எடுக்கலாமா மகள்?"

"அழிச்ச இடத்துலயே வேற எழுதி வெச்சிருக்கீங்களே. எடுக்க ஏலா, வாப்பா."

கறையான் தின்று மிஞ்சிய பழைய பதிவுப் புத்தகத்தை, எல்லாம் மெஷினில் ஏற்றியாயிற்று என்று போன மாதம் எரித்தவனும் நான்தான். எத்தனை வீட்டு மௌத்து நாள் அதில் இருந்ததோ, அல்லாஹ்தான் அறிவான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வளவு ஹலீமா ராத்தா வந்தார்.

"தம்பி, எங்கட மனிசன் மௌத்தான நாளுக்கு ஓதுற கத்தம் எத்தனாம் பிறை? வருசா வருசம் நீங்கதானே பாத்துச் சொல்ற."

"மெஷினுக்குச் சுகமில்ல ராத்தா, நாளைக்குச் சொல்றன்."

"அதுக்கும் காய்ச்சலா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்று அவர் மனிசனைச் சந்தூக்கில் தூக்கிப் போகையில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். மழை பெய்தது, மையவாடியில் குழி மணல் சரிந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. பிறை மட்டும் வரவில்லை. ரஜப் மாதமா, ஷஃபானா, அதுவுமே தெரியவில்லை.

நாளை எந்தப் பிறையைச் சொன்னாலும் ராத்தா நம்பிவிடுவார்.