பதினேழாம் காணியின் வேலி

1934 ஒக்டோபர் 11

காலையில் இரண்டு மணித்தியாலம் மழை. மேல்பாத்தி கொத்தினோம். மரவள்ளி நாலு வரிசை நட்டோம்.

இவ்வளவுதான் எழுத வேண்டுமாம், அவர் சொல்கிறார். எங்களைக் குடியேற்றிய கொலனியின் அதிகாரி, மாத்தயா, ஒவ்வொரு காணிக்கும் ஒரு புத்தகம் தந்திருக்கிறார், அன்றன்று செய்த வேலையை எழுதிவைக்க. நாற்பது காணியில் முப்பது புத்தகம் இன்னும் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. எங்கள் புத்தகத்தில் மட்டும் இடம் போதவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. தெல்தோட்டையில் படிப்பித்த வாத்தியாரின் மகளைக் கட்டியிருக்கிறார், எழுதுவது நான். மாத்தயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிறகென்ன, நினைத்ததை எழுதலாம்.

1934 நவம்பர் 4

மிளகு படரவிட அவர் முள்முருங்கைக் கம்பு வெட்டி அடுக்கிவைத்தார். அறுபது கம்பு.

பிலிமத்தலாவையிலிருந்து தாஸிம் நானா வந்து போனார். என் கூடப்பிறந்தவர், துணிக்கடைக்காரர், சப்பாத்தில் சேறு பட்டால் முகம் சுளிப்பவர். "இது ஒரு ஊரா புள்ள? ஒரு பஸ் ஈக்கா, ஒரு கட ஈக்கா?" என்றார். ஊர் என்ன மரத்தில் காய்ப்பதா?

இரண்டு வருஷத்துக்கு முன் குண்டசாலையைத் தாண்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது இங்கே கைவிட்ட கொக்கோத் தோட்டமும் ஆளுயரப் புல்லும்தான். சீட்டுக் குலுக்கிக் காணி பிரித்தார்கள். எங்களுக்குப் பதினேழு. முதல் நாலு மாதம் பழைய கொக்கோ ஸ்டோரில் நாற்பது குடும்பமும் சாக்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு கிடந்தோம். சிங்களவர்கள் இருபத்தெட்டுக் குடும்பம், முஸ்லிம்கள் நாங்கள் பன்னிரண்டு. யார் பிள்ளை இருமினாலும் எல்லாருக்கும் கேட்கும். இன்றைக்குக் கிணறு மூன்று, தொழத் தக்கியா ஒன்று, விகாரைக்குக் கல் இறக்கியாயிற்று. நானாவின் கடைத் தெரு பிறக்கும்போதே தெருவாகவா பிறந்தது?

1934 டிசம்பர் 15

வேலை இல்லை. அவருக்குக் காய்ச்சல். நேற்று நடுங்கினார், இன்று எழுந்து கம்பு எண்ணினார்.

1934 டிசம்பர் 29

ஊர் முழுக்க மலேரியா. கொயினா வெள்ளை மாத்திரை கொடுக்கிறார்கள், வாயெல்லாம் கசக்கிறதாம் அவருக்கு. மூன்றாம் காணியும் இருபத்திரண்டாம் காணியும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. நாங்கள் போகமாட்டோம். அவரும் அதைத்தான் சொல்கிறார், பல் கிட்டிக்கொண்டே.

1935 ஜனவரி 9

அவர் மவுத்தானார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு.

1935 ஜனவரி 17

நானா வண்டியோடு வந்து நிற்கிறார். "வா, என்ட ஊட்டுல இத்தா இரி. அறை ஒண்டு ஒழிச்சி வெச்சீக்கி. காணிய மாத்தயாக்கே திருப்பிக் குடுத்துடுவம்." புருஷனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் அவர் வீட்டு அறையில் இருந்துவிட்டு, பிறகு? அதையும் சொல்லிவிட்டார். கண்டி அரிசிக்கடை நளீருக்கு மனைவி இல்லையாம்.

இத்தாவில் இருப்பவளிடம் கல்யாணப் பேச்சா? கழுதை! எனக்கு மூத்த கழுதை! ஹராம் என்பது இவருக்குத் தெரியாதா?

வாசலில் வண்டிக்காரன் நின்றான், திரைக்குப் பின்னால் இருந்தே சொன்னேன்: "புருஷன் மவுத்தான ஊட்டுலதான் இத்தா இரிக்கணும் நானா. அது என்ட பேச்சில்ல, மார்க்கம். வண்டிய ஓட்டுங்க."

அழுதேன்தான், நானா போன பிறகு. கொலனிச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை: மூன்று மாதம் வேலை நடக்காத காணி பறிபோகும், பெயர்ப்பட்டியலில் அடுத்து நிற்பவனுக்குப் போகும். இத்தாவோ நாலு மாதம் பத்து நாள். மே பதினேழு வரை. ஏப்ரல் மழைக்கு இஞ்சி நட வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து இஞ்சி நடுவது எப்படி?

1935 ஜனவரி 20

தக்கியாவில் தொழவைக்கும் லெப்பை வந்தார். நான் உள்ளே, அவர் வெளி விறாந்தையில்.

"லெப்பை, வேலைக்கு எறங்கலாமா?"

"கூரைக்குக் கீழதான் இரிக்கணும் புள்ள."

"கக்கூஸுக்குக் கூரையில்லயே. அங்க போகலாமா?"

"அது போகலாம். அது தேவை."

"கக்கூஸ் நாப்பது முழம். இஞ்சிப் பாத்தி இருபது முழம். நாப்பது முழம் போறவ இருபது முழத்துல நிக்கக்கூடாதா?"

லெப்பை தொண்டையைக் கனைத்தார். வெற்றிலை கேட்டார். வெற்றிலையை மென்று முடித்தார். கடைசியில், "அந்நிய ஆம்புளட கண் படக்கூடாது. அதுதான் கணக்கு. கண் படாம ஒரு மறைப்பு இரிந்தா, அதுக்குள்ள ஒன்ட ஊடுதான்" என்றார். நல்ல மனுஷன். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

என் வீட்டுக்கு இனிமேல் வேலிதான் சுவர்.

1935 ஜனவரி 26

வேலாயி வந்தாள். கொக்கோத் தோட்டம் மூடியும் பழைய கூலி லயத்தை விட்டுப் போகாத நாலைந்து குடும்பத்தில் ஒருத்தி. எனக்கு மூத்தவள், வாய் கூர்மை. என் காணியில் கூட வேலை செய்ய வருவாயா என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏதும்மா காணி? இந்தியாக்காரங்கன்னு எழுதி வச்சிட்டாங்க. நான் பொறந்தது இந்த லயத்துல, எங்கம்மா பொறந்தது இந்த லயத்துல. அந்த இந்தியா எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா கை காட்டத் தெரியாது எனக்கு."

காணி என் பெயரில்கூட இல்லை, உனக்கு எப்படித் தருவேன் என்றேன். விளைவதில் பாதி உனக்கு என்றேன். "பாதியா? வேலையும் பாதி செய்வீங்களா?" என்று கேட்டாள். செய்வேன் என்றேன்.

1935 பெப்ரவரி 3

வேலி இன்றைக்குப் பன்னிரண்டு பாக நீளம். அவர் வெட்டிவைத்த முள்முருங்கைக் கம்புகளையே ஊன்றுகிறோம், இடையில் மானாப்புல்லைச் செருகிக் கட்டுகிறோம். வேலாயி வெளியே நிற்கிறாள், நான் உள்ளே. கொடியை அவள் இந்தப் பக்கம் நீட்டுவாள், நான் சுற்றி அந்தப் பக்கம் நீட்டுவேன். முகம் தெரியாது, கை மட்டும்தான். ஓடைப் பக்கம் மூங்கில் அடர்த்தி, அங்கே தேவையில்லை. பாதைப் பக்கமும் பதினெட்டாம் காணிப் பக்கமும் போதும்.

வெள்ளைச் சீலையில் சேறு. அவர் பார்த்தால் சிரிப்பார்.

1935 பெப்ரவரி 27

வேலி முடிந்தது. எவ்வளவு உயரமான ஆளும் எட்டிப் பார்க்க முடியாது. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து பேசிவிட்டுப் போனார்கள்: இத்தா இருக்கிறவள் மண்வெட்டி தூக்குகிறாளாம். ஆமாம், தூக்குகிறேன். நாளைக்கும் தூக்குவேன்.

1935 மார்ச் 19

வேலை: கீழ்ப்பாத்தி கொத்தி முடிந்தது. எரு நாற்பது கூடை. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

ஊன்றிய கம்புகள் துளிர்விடுகின்றன. எல்லாம் அவர் கையால் வெட்டியவை. இதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது.

1935 ஏப்ரல் 8

மழை! இஞ்சி நட்டோம். இன்று ஏழு பாத்தி.

1935 ஏப்ரல் 20

என்ன காரியம் செய்துவிட்டேன்! இல்லை, என்ன காரியம் செய்யாமல் விட்டேன்!

வேலாயி மரவள்ளி விற்கக் குண்டசாலைச் சந்தைக்குப் போயிருந்தாள். நான் வேலியோரப் பாத்தியில். மாத்தயா வந்தார், பியோனோடு. வேலி வாசல் படலை வழமைபோல் கட்டியிருந்தது. பியோன் வீட்டில் யாரென்று கத்துகிறான். நான் மூன்று முழத்தில் நிற்கிறேன், கையில் மண்வெட்டி, வாயைத் திறக்கவில்லை. அந்நிய ஆணுக்குக் குரல் கொடுப்பதா என்று நின்றுவிட்டேன். மாத்தயா குதிகாலை உயர்த்திப் பார்க்கிறார், வேலிக்கு மேலே தொப்பி மட்டும் ஆடுகிறது. தொப்பி போட்ட பூசணிக்காய். ஒன்றும் தெரிந்திருக்காது, அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறோமே!

புருஷன் செத்துப்போனான், பெண்பிள்ளை போய்விட்டாள், காடு மூடிவிட்டது, எழுது — என்று பியோனிடம் சிங்களத்தில் சொன்னது தெளிவாகக் கேட்டது. எழுதினார்கள். போய்விட்டார்கள்.

ஒரு மண்கட்டியாவது தூக்கி எறிந்திருக்கலாம். மண்கட்டிக்குக் குரல் இல்லையே! இப்போது தோன்றி என்ன? லெப்பையின் கண்ணுக்காகக் கட்டிய வேலி மாத்தயாவின் கண்ணையும் மறைத்துவிட்டது.

1935 மே 3

கடிதம் வந்தது. வேலை நடக்காத காரணத்தால் பதினேழாம் காணியின் பேமிட் ரத்து. ஆட்சேபம் இருந்தால் மே பதினாலாம் திகதி மாத்தயா இருக்கும் கொலனிக் கந்தோருக்கு நேரில் வரவேண்டும்.

பதினாலு. இத்தா முடிய மூன்று நாள் இருக்கிறது. மூன்றே நாள்.

1935 மே 6

"போயிட்டு வந்துருங்கம்மா, மூணு நாளு தானே, சாமி கண்ண மூடிக்கும்" என்கிறாள் வேலாயி. நாலு மாதமாகக் காத்ததை இந்தப் பூசணிக்காய்க்காக உடைப்பேனா? அவருக்காக இருக்கிற இத்தா இது. காணியையும் விடமாட்டேன், இத்தாவையும் விடமாட்டேன். இரண்டில் ஒன்றை எடு என்று சொல்ல இவர்கள் யார்?

புத்தகம் போகட்டும். மாத்தயா தந்த புத்தகம்தானே. திகதி திகதியாக மழையும் பாத்தியும் எருவும் இருக்கிறது.

1935 மே 11

நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன், வந்தார். ஆண் துணை இல்லாமல் வேலாயியைக் கந்தோர் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் வேலாயியிடம் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இத அப்படியே குடுத்தா காணி மட்டுமில்ல, உங்களையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க. கிழிச்சிருங்கம்மா" என்றாள். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கிறது. ஒன்றைக் கிழித்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அதோடு, நான் எழுதியது நான் எழுதியதுதான்.

நானா புத்தகத்தைக் கையில் வாங்கினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஜனவரி பதினேழு அதில் இருக்கிறது. தெரிந்தேதான் கொடுத்தேன். இனி மூன்று நாள் எதில் எழுதுவது? இதைக்கூட ஒரு சீனிப் பையைக் கிழித்து அதில்தான் எழுதுகிறேன்.

1935 மே 15

சீனிப் பை வேண்டாம், புத்தகம் வந்துவிட்டது.

நானா நேற்றுப் போயிருக்கிறார். மாத்தயா புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கிளாக்கர் முத்துலிங்கத்திடம் கொடுத்தாராம். கிளாக்கர் யாழ்ப்பாணத்தார். அவர் வாசித்து வாசித்து இங்கிலீசில் சொல்ல, மாத்தயா முதலில் கடிகாரத்தைப் பார்த்தாராம், பிறகு பார்க்கவில்லையாம். எரு நாற்பது கூடை என்ற இடத்தில் திரும்பவும் வாசிக்கச் சொன்னாராம். ஏப்ரல் இருபது வந்ததும் கிளாக்கர் கொஞ்சம் திணறியிருக்கிறார்.

வெளியே வந்த பிறகு நானாவைத் தனியே கூப்பிட்டாராம்: "உம்மட தங்கச்சியிட்டைச் சொல்லும். பூசணிக்காயை நான் மழை எண்டு மாத்திப்போட்டன். அண்டைக்கு நல்ல மழை எண்டு மாத்தயா நம்புறார்."

பதினேழாம் திகதி மாத்தயா நேரில் வந்து பார்ப்பாராம்.

நானா போவதற்கு எழுந்து வாசலில் திரும்பி நின்றார். "கழுதன்டு எழுதீக்கிறாய்" என்றார். "மூத்த கழுத" என்றார். "நளீருக்கு நான் சொல்லிட்டேன், வேற எடம் பாருங்கண்டு." வண்டி போய் வெகுநேரம் அழுதேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், கழுதையில் எனக்கும் பங்கு இருக்கத்தானே செய்யும்.

1935 மே 17

இத்தா முடிந்தது. குளித்து நிறச்சீலை உடுத்தினேன். படலையை நானே அவிழ்த்தேன்.

மாத்தயா, பியோன், கிளாக்கர். உள்ளே வந்து மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இருபத்திமூன்று பாத்தி, எல்லாம் முளைவிட்டுப் பச்சை. மாத்தயா ஓடைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். தனியாகவா என்று கேட்டார். "வேலாயியும் நானும். ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றேன். அது முடியாது, அவள் பெயர் எழுத இடமில்லை என்றார். என் பெயரைத்தான், அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும், வேலையைப் பார்த்துப் புதுப்பிப்பாராம். ஹபீலின் விதவை என்று எழுதத் தொடங்கினார். ஆஸியா என்று எழுதச் சொன்னேன். பேனா நின்றது. கிளாக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாத்தயா எழுதினார்.

வேலையைப் பார்க்க வேலியைக் குறைக்கச் சொன்னார். படலை இனித் திறந்துதான் இருக்கும், வேலி இருந்த உயரத்திலேயே இருக்கும் என்றேன்.

வேலாயிக்கு இடமில்லையாம். இருக்கட்டும், பார்ப்போம்.

1936 ஜனவரி 12

இஞ்சி கிண்டி முடிந்தது. ஆளுக்குப் பாதி, மூட்டையைத் தூக்கிப் பார்த்தே பிரித்தோம். வேலாயி தன் மூட்டையைத் தரையிலே விடவில்லை, லயம்வரை தலையில் சுமந்தே போனாள்.

1936 மே 20

பேமிட் புதுப்பித்தாயிற்று. மாத்தயா வேலியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

1937 செப்டம்பர் 5

வேலிக்கு வெளியே, பாதையோரத்தில், வேலாயி தேத்தண்ணிக் கொட்டில் போட்டாள். கந்தோரிலிருந்து பியோன் வந்தான்: கொலனிக்காரர் அல்லாதவர் கொலனிக் காணியில் வியாபாரம் செய்யக்கூடாதாம். அளந்து பார்க்கச் சொன்னேன். வேலிக்கு உள்ளே என் காணி, வெளியே றோட்டு, கொட்டில் நிற்பது இரண்டுக்கும் நடுவில் வேலி நிற்கிற மண்ணில். அது யாருடையது என்று எழுதிக்கொண்டு வா என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். இன்னும் வரவில்லை.

1938 பெப்ரவரி 13

முந்தாநாள் தொடங்கி பஸ் ஓடுகிறது, கண்டியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தரம். சந்தியில் மாத்தயா பெரிய பலகை ஒன்று நட்டிருக்கிறார், மூன்று பாஷையிலும் கொலனிப் பெயர்.

இன்று தாஸிம் நானா பஸ்ஸில் வந்தார். வேலாயியின் கொட்டிலில் உட்கார்ந்து, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கண்டியில் ஏறிக் கொலனிக்கு டிக்கட் கேட்டாராம். கொண்டக்டருக்கு விளங்கவில்லையாம். நாற்பது காணி என்றாராம், அதுவும் விளங்கவில்லை. கடைசியில், "குண்டசாலையத் தாண்டி, பெரிய வேலி ஒண்டு..." என்று தொடங்கியிருக்கிறார்.

"வேலியடியா? அப்படிச் சொல்லுங்களே, எல்லாரும் அதுக்குத்தானே ஏறீக்கிறாங்க!" என்றானாம் கொண்டக்டர்.

நானா இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணியை ஊதினார். இது ஒரு ஊரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் துறுதுறுத்தது.

வேலை: வேலியில் படர்ந்த மிளகு முதல் தரம் பறித்தோம். உக்கிப்போன கம்பு இரண்டை மாற்றி ஊன்றினேன்.