அண்ணனுக்கு மாட்டிய நீலக் கோட்டு

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய அண்ணே,

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நீலக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் இதே கோலம்தான். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் கடையில் எத்தனை பேருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துகொடுத்திருப்போம்? செத்தவர் தலையை வெட்டி, யாரோ ஒருவரின் கோட்டுக்கு மேல் ஒட்டுவது எதிர்க்கடைக்காரர் வழக்கம். "ஏட்டி, நான் போனா எனக்குக் கோட்டு மாட்டிராத. தேவதானத்துல மாடு மேய்ச்சவனுக்கு என்னத்துக்கு டை?" என்பாய். மாட்டமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கைக் கெடுத்தது உன் கஞ்சத்தனம். கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தபோது புதிது வாங்கச் சொன்னேன். கேட்டாயா? பழைய செல்போனில் கிடந்த மெமரி கார்டில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற குட்டி இயங்குதளம் ஒன்றை ஏற்றி, அதிலேயே கம்ப்யூட்டரை ஓடவிட்டாய். ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அணைக்கும்போதெல்லாம் சேமிக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் அன்றைய வேலை அத்தனையும் போய்விடும்.

"வேண்டாம்னே குடு. சேமிக்கச் சேமிக்கக் கார்டு தேஞ்சிரும். வேலைய நான் பென்டிரைவ்ல எடுத்துக்கிடுதேன்" என்றாய்.

கார்டு தேயக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் மட்டும், "வாயுதாம்ட்டி, பொறவு பாப்போம்." என்ன நியாயம் அண்ணே இது?

நீ போன அன்று காலை, அழுதுகொண்டே உன் போஸ்டரை நான்தான் செய்தேன். கட்டம் போட்ட சட்டையில் உன் படம். சித்தப்பா வாசலில் நின்று, "ஏட்டி, எம்புட்டு நேரம்? அச்சாபீஸ்ல காத்துக் கெடக்காவ" என்று கத்தினார். அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தேன். சேமிக்கட்டுமா என்று அது கேட்டது. நீ பழக்கிய விரல் வேண்டாம் என்று அழுத்தியது. பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அச்சகத்தில் திறந்தால் போஸ்டர் இல்லை. அதில் எடுத்துவைப்பது எப்போதும் உன் வேலை அல்லவா?

சித்தப்பா எதிர்க்கடைக்கு ஓடினார். கோட்டு வந்தது.

உன் கார்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டேன். புதுக் கார்டு வாங்கி, சொதப்பிச் சொதப்பி நானே லினக்ஸை ஏற்றினேன். இப்போது அது என்னைக் கேட்பதே இல்லை, தானாகச் சேமிக்கிறது. தேய்ந்தால் தேயட்டும், சனியன்.

உன் பதினாறாம் நாள் போஸ்டர் அதில்தான் இருக்கிறது. அதே கட்டம் போட்ட சட்டை, பையில் மைக்கறையோடு. பசை வாளியை எடுத்துக்கொண்டு நானே கிளம்புகிறேன். கோட்டு தெரிகிற ஒவ்வொரு சுவரிலும் அதன் மேலேயே ஒட்டுவேன். எவன் சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

கோட்டைக் கழற்றாமல் உன்னை அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

கோபம் ஆறாத உன் தங்கச்சி,
செல்வி