களிம்பின் பெயரை மட்டும் எழுது

ஜூன் 3

என் செல்லத் தங்கைக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிப்போம் என்று அம்மா போட்ட சட்டப்படி மெயிலிலேயே எழுதுகிறேன். உன் அத்தானுக்கு முதுகுவலி தேவலை. சின்னவன் பள்ளிக்கூடத்தில் எவன் பல்லையோ உடைத்துவிட்டு வந்து, வாய் கூசாமல் "அவன்தான் என் கையில வந்து இடிச்சான்" என்கிறான். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறான்!

ஒரு உதவி வேண்டும். போன வருஷம் ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்தாளே, அவளுக்கு இஸ்திரிப் பெட்டி பட்டுக் கை வெந்துவிட்டது. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறோம். புண் ஆறவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நீ இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? களிம்பின் பெயரை மட்டும் எழுது, அத்தான் வாங்கி வந்துவிடுவார்.

ஆசையுடன்,
அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் காதை என் சார்பில் ஒரு திருகு திருகு. குடும்பத்தில் ஒரு நர்ஸ் இருந்துவிட்டால் போதும், சித்தப்பாவின் மூட்டுவலி முதல் அத்தானின் முதுகு வரை எல்லாம் அவள் தலையில்தான்! ஆனால் ஆறாத தீப்புண்ணுக்குக் கண்ணால் பார்க்காமல் களிம்பு சொல்ல மாட்டேன். நாளைக்கே டாக்டரிடம் காட்டு. எப்படிப் பட்டது? காய்ச்சல் இருக்கிறதா?

இன்று எங்கள் அவசரப் பிரிவில் வயிறு எரிந்துவிட்டது. விலா எலும்பு உடைந்து ஒரு பெண் வந்தாள். கூட வந்த முதலாளியம்மா அவளை வாயைத் திறக்கவே விடவில்லை. "எங்கம்மா வலிக்குது?" என்று அவளைக் கேட்டால், "மாடிப்படியில விழுந்துட்டா சிஸ்டர்" என்று இந்த அம்மா பதில் சொல்கிறாள். அவளுடைய அடையாள அட்டையும் இந்த அம்மாவின் கைப்பையில். டியூட்டி டாக்டரோ இந்த அம்மாவையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்! நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எக்ஸ்ரே ரூமுக்குள்ள நோயாளி மட்டும்தான் வரலாம்மா" என்று கதவைச் சாத்தினேன். சந்தேகம் வந்தால் எங்கள் வார்டில் இதுதான் வழக்கம். அவள் பாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, "இந்த வேலையை விட்டுப் போகணும்னா உங்களால போக முடியுமா?" என்று கேட்டோம். தேம்பித் தேம்பி அழுதாள். அவள் சம்மதத்தோடு உதவிக்கு ஆள் வரவழைத்தோம். இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறாள். எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அன்புடன்,
தங்கை

ஜூன் 6

என் செல்லத் தங்கைக்கு,

அடிப்பாவி, அவளெல்லாம் ஒரு பொம்பளையா! படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் பாப்பா மேல் ஒரு விரல் வைத்ததில்லை. மகள் மாதிரிதான் வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடுவாளே என்று அத்தான் வாங்கிப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். போன் இருந்தால் கெட்டுப்போவாள் என்று அதையும் நானே வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது வாசலைப் பூட்டிவிட்டுத்தான் போவோம். ஊர் தெரியாத பெண், எங்காவது போய்விட்டால்? சம்பளத்தை ஏஜெண்ட் கடனுக்குப் பிடித்துக்கொள்கிறானாம். அது அவர்கள் பாடு.

கைதான் வீங்கி நீர் வடிகிறது. நேற்றிலிருந்து உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அப்படியும் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டுத்தான் படுத்தாள், பாவம், நல்ல பெண். மாத்திரைப் பெயரையும் சேர்த்து எழுது.

ஆசையுடன்,
அக்கா

ஜூன் 6

அக்கா,

நம்ப முடியாமல் திரும்பவும் படித்தேன். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை.

பாஸ்போர்ட் உன் பீரோவில். போன் உன் கையில். வாசலில் பூட்டு. சம்பளம் எவனுக்கோ. வெந்த கையோடு பாத்திரம் கழுவுகிறாள், நீ "நல்ல பெண்" என்கிறாய்! உன் பெரியவளை ஒரு நாள் இப்படி வைத்திருப்பாயா? என் வார்டுக்கு நீ அவளைக் கூட்டி வந்திருந்தால் உன்னைத்தான் வெளியே நிறுத்தியிருப்பேன். அந்தப் புண்ணில் கிருமி பிடித்திருக்கிறது. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடு. இல்லாவிட்டால் நானே புகார் கொடுப்பேன்.

தங்கை

ஜூன் 7

தங்கைக்கு,

நாலு எழுத்துப் படித்துவிட்டால் அக்காவுக்கே சட்டம் பேசுவாயா? "பொண்ணை நர்ஸ் வேலைக்கா அனுப்புறது?" என்று அப்பா குதித்தபோது உனக்காக மல்லுக்கு நின்றது யார்? நான்தானே? அதற்கு நீ காட்டும் நன்றி இதுதானா? மூன்று வேளையும் சோறு போடுகிறோம், உடுத்தத் துணி கொடுக்கிறோம். இதைவிட என்ன செய்வார்கள்?

உன் மெயிலை அத்தானும் படித்துவிட்டார். "வம்பே வேணாம். நாளைக்குக் காலைல ஏஜெண்ட்கிட்டயே திருப்பி அனுப்பிடலாம், அவன் வேற எங்கயாவது சேர்த்துக்குவான்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. திருப்திதானே உனக்கு?

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

அடைத்து வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே வாயை விடாதீர்கள், ஆளையே மறைத்துவிடுவார்கள் என்று புது நர்ஸுகளுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவள் நான். அக்கா என்றதும் அத்தனையும் மறந்து உன்னிடமே கொட்டினேன். வார்டில் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க மாட்டேன்.

வேறு எங்காவது சேர்த்துக்கொள்வானாம்! அவள் என்ன மூட்டையா? அதைப் படித்த கையோடு உதவி எண்ணுக்குப் பேசினேன். அன்று சாயங்காலம் உன் கதவைத் தட்டியவர்கள் நான் அனுப்பியவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டாதே.

நேற்று ரயில் பிடித்து வந்து அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. எப்படிப் பட்டது என்று நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. அவள் சொன்னாள். ஓய்வே இல்லாமல் வேலை செய்து, துணி தேய்க்கும்போது நின்றபடியே தூங்கிவிட்டாளாம். அவள் பெயரையும் கேட்டேன். சின்னப் பெயர்தான், என் வாயில் நன்றாகவே நுழைந்தது. என்ன வேண்டும் என்றதற்கு அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். போனைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, "கதவைப் பூட்டலையா?" என்று கேட்டாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் நீ மல்லுக்கு நின்றதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. நாளை உன்னை விசாரிக்க வருவார்கள். அத்தானைப் பேச விடாமல் நீயே பேசு, உண்மையைச் சொல்.

ஆஸ்பத்திரியில் இருந்த விசாரணை அதிகாரி நல்ல மனுஷி. "தகவல் குடுத்தவங்க பேரை நாங்க வெளிய சொல்ல மாட்டோம். விருப்பமில்லைன்னா நீங்க சொல்லவே வேணாம்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்று என் பெயரைச் சொன்னேன்.

"அந்த அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"கூடப் பிறந்த அக்கா" என்றேன்.

தங்கை