எண்ண மறந்த வெள்ளிக்கிழமை

மார்ச் 17, ஞாயிறு, காலை 7.10

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? நானும் நலமே. இரண்டு பற்கள் போயின. அவற்றுள் ஒன்று முன்பே ஆடிக்கொண்டிருந்தது.

வியாழன், 14ஆம் தேதி, மாலை 4.20 மணிக்கு, நான் மாவு பிசையும் ரொட்டிக்கடைக்குள் மூவர் கத்தியோடு புகுந்தனர். எங்கள் அடுப்பில் குடியிருக்கும் யாளிக்குட்டியைத் திருட வந்தவர்கள். ஒருவன் முஷ்டியால் என் வாயிலும் புருவத்திலும் குத்தினான். உருட்டுக்கட்டையால் அவன் மணிக்கட்டை முறித்தேன். குட்டி இன்னொருவனின் விரலைக் கடித்துத் துப்பியது. கணவரை இழந்த கடைக்கார அம்மையார் மூன்றாமவன் முகத்தில் கொதிநீரை வீசினார்.

"எங்க வீட்டு மனுஷன் மேலயா கை வைக்கிறீங்க, நாய்ங்களா!"

மூவரும் ஓடினர். பிளந்த என் புருவத்தை அம்மையாரே தைத்தார்.

"அசையாதீங்க. அசைஞ்சா வாயையும் சேர்த்துத் தைச்சிருவேன்."

உன் அம்மா மறைந்ததிலிருந்து தினமும் காலையில் நாட்களை எண்ணி வருகிறேன். இந்த வெள்ளிக்கிழமை எண்ண மறந்துவிட்டேன். சனியன்று நினைவு வந்து அழுதேன். அம்மையார் அருகில் அமர்ந்து, விட்டுப்போன நாளையும் சேர்த்து என்னோடு எண்ணினார்.

அவரை மணக்க விரும்புகிறேன். உனக்குச் சம்மதமானால் உன் அம்மாவின் கம்பளிச் சால்வையை அனுப்பு; இல்லையேல் என் பழைய மூக்குக்கண்ணாடி மட்டும் போதும்.

குட்டி காகிதத்தை மெல்லத் தொடங்கிவிட்டது.

அப்பா