கதவில் ஒட்டிய தாள்

மார்ச் 4, செவ்வாய்
டுவெய்னின் பேக்கரியில் தரை ஓடு பதிக்க ஆரம்பித்தோம். கட்டடம் கசாரியன் கிழவருடையது. டுவெய்ன் வாடகைக்குத்தான் இருக்கிறான். எங்களுக்குக் கூலி தர வேண்டியது அவன். ஆனால் பத்து மணிக்கெல்லாம் கிழவர் ஆஜர், கையில் பிஸ்தா பொட்டலத்தோடு. “ஏம்மா மரிசெலா, இதெல்லாம் ஒரு கலரா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு!” எவரிஸ்டோ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். என் கஷ்டம் என்றால் என் கணவனுக்கு எப்போதும் வேடிக்கை.

மார்ச் 6
கிழவர் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். இங்கே நடக்கும் வேலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, கூலிக்குத் தான் பொறுப்பில்லை என்று. எங்கள் ஊர் ஃப்ரெஸ்னோவில் கட்டடம் வைத்திருக்கிறவர்கள் வழக்கமாக ஒட்டுவதுதான். ஒட்டிவிட்டு நேரே உள்ளே வந்து, சிங்க்கை ஒரு அடி தள்ளி வைக்கச் சொன்னார். சம்பந்தமே இல்லாதவர்!

மார்ச் 11
தள்ளி வைத்தோம்.

மார்ச் 19
கல்லா மேடை நேராக இருக்கட்டும் என்றான் டுவெய்ன். கிழவருக்கு வளைவாக வேண்டுமாம். “நேரா வச்சா வர்றவங்க இடுப்பெல்லாம் பேந்துடும்.” வரைந்து காட்டத் தாள் தேடினார். கிடைக்கவில்லை. கதவில் இருந்ததையே உரித்தெடுத்து, பின்பக்கத்தில் வரைந்து, அளவு எழுதி, பெரிய ஓவியர் மாதிரி கீழே கையெழுத்தும் போட்டார். “பதிமூணு அங்குலம் வளையணும். குறையக் கூடாது, சொல்லிட்டேன்.” டுவெய்ன் தலையாட்டிவிட்டுப் போனான். தாளை எங்கள் வண்டியின் முன்கண்ணாடி மேலிருக்கும் வெயில் மறைப்பில் செருகி வைத்தேன்.

ஏப்ரல் 22
வேலை முடித்துக் கூலி வாங்கப் போனால், பேக்கரி பூட்டிக் கிடக்கிறது. டுவெய்ன் நெவாடாவுக்குப் போய்விட்டானாம். போன் எடுக்கவில்லை. எங்களுக்கு வர வேண்டியது பதினெட்டாயிரம் டாலர். நம்ம ஆட்கள் இரண்டு பேருடைய சம்பளமும் இதில்தான். வண்டியை வித்துடலாமா என்கிறான் எவரிஸ்டோ. சிரிக்கவில்லை அவன். எனக்குப் பயமா இருக்கு. வண்டி இல்லாம என்ன வேலை செய்யறது?

ஏப்ரல் 25
கட்டடத்தின் மேல் பற்றுரிமை பதிவு செய்தேன். கூலி வராவிட்டால் கோர்ட்டுக்குப் போய்க் கட்டடத்திலிருந்தே வசூலிக்கலாம். கிழவர் போனில் கத்தினார். “கதவுல ஒட்டினேன்ல? போட்டோ கூட வச்சிருக்கேன்! அவன் ஓடிப்போனா நான் என்னம்மா பண்ணுவேன்?”

அதுவும் சரிதான். தாள் ஒட்டியவரிடம் பாச்சா பலிக்காது — வேலையில் அவர் கை இருந்தது என்று காட்டினால்தான் உண்டு. வாயால் சொன்னதை எப்படிக் காட்டுவது?

ஏப்ரல் 27
வெயில் கண்ணில் அடித்ததே என்று மறைப்பை இறக்கினேன். கிழவர் வரைந்த தாள் மடியில் விழுந்தது.

மே 2
கிழவரிடம் சொல்லி, பூட்டிய பேக்கரியைத் திறக்க வைத்து, கல்லா மேடை மேல் தாளை வைத்தேன், படம் மேலே தெரியும்படி. கிழவர் திருப்பினார். அவருடைய அறிவிப்பு. மறுபடி திருப்பினார். அவருடைய கையெழுத்து.

“பதிமூணு இருக்கா?” என்றார் கடைசியில்.

“அளந்து பாத்துக்குங்க.”

அளந்தார். இருந்தது. மேடையை ஒருமுறை தடவிவிட்டு, காசோலைப் புத்தகத்தை எடுத்தார். வண்டிக்கு வந்து உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். எவரிஸ்டோ கிண்டல் செய்யவில்லை, மூன்று நிமிஷம்.

மே 20
கிழவரின் இன்னொரு கடையில் வேலை. முடிதிருத்தும் நிலையம் வருகிறது. கதவில் புதுத் தாள், நாலு மூலையிலும் ஆணி. அவருக்கென்று ஒரு நோட்டு வாங்கிப் போயிருந்தேன்.

“எதுக்கும்மா இது?”

“வரையறதுக்கு.”

வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு பென்சில் கேட்டார்.