தங்க ரேக்கும் மூன்றேகால் அங்குலக் கம்பியும்

9 ஆகஸ்ட் 2005, செவ்வாய்

இன்று பதினோராவது செல்போனுக்குத் தங்கம் பூட்டினேன். தங்கம் என்றால் பித்தளை ரேக்கு. அதை என் வாயாலேயே சொல்வானேன்? ஊதினால் பறக்கிற மஞ்சள் உலோகத் தாளை செல்லின் முதுகு மூடியில் ஒட்டி, பஞ்சால் நீவி, மேலே ஒரு கை வார்னிஷ். வெயிலில் காட்டினால் கண் கூசும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பல், பகலிலேயே கலங்கரை விளக்கம் எரிகிறதென்று குழம்பித் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி. கேள்விப்பட்டது என்னிடமிருந்துதான்.

முப்பது வருஷம் கல்யாண சாரட்டு வண்டிகளுக்கு ரேக்கு ஒட்டிய கை இது. ராயபுரத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் என் தங்கத்தில் ஏறி உட்கார்ந்துதான் சுதந்திரத்தை இழந்தார்கள். இப்போது அவர்கள் காரில் போய் இழக்கிறார்கள். போகட்டும். செல்போன் இருக்கிறது.

தங்கச்சி ஜீனத்தின் மகள் ரிஃபானா, கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் செல்போன் ரிப்பேர் கடை போட்டு எட்டு மாதம். அங்கே வருகிற செல்களுக்குத்தான் என் தங்கம். சந்தில் பத்துக் கடை. பெண் உட்கார்ந்திருப்பது இது ஒன்றில்தான். இன்னும் பெயர்ப்பலகை இல்லை. பெயரை நான் தயாராக வைத்திருக்கிறேன்: ‘மஜீது மாமு தங்கச் செல் மாளிகை’.

“மாளிகை ஆறடிக்கு நாலடி கீது மாமு” என்றாள்.

தாஜ்மகாலும் முதலில் காலி மனைதான் என்றேன்.

12 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் கடை வாசலில் தண்டபாணி. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அந்தக் குரலுக்குச் செல்போனே அநாவசியம். அவர் வஞ்சிரம் என்று கூவினால் எண்ணூரில் குழம்பு கொதிக்கும். இன்று மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

“போட்டுலேர்ந்து போன் பண்ணிக்கினே இருந்தாங்களாம். எனக்கு ஒரு மணி கூட அடிக்கல. சரக்க வேற ஆளு எடுத்துக்கினு பூட்டான். சிக்னல் நாலு கோடு காட்டுன போனும்மா இது. ஒங்கிட்ட வந்துட்டுப் போனப்பறம் ஒரு கோடுதான் காட்டுது.”

ரிஃபானா திறந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றாள்.

பக்கத்துக் கடை ஜெயவேல், கடைக்காரர் சங்கத்தின் செயலாளர், கூப்பிடாமலே வந்தான். “உள்ள இருந்த ஒரிஜினல் ஆன்டெனாவ கழட்டிட்டு டூப்ளிகேட் போட்டா இப்டிதான்” என்றான். பொதுவாகச் சொல்கிறானாம். யாரையும் சொல்லவில்லையாம்.

திருட்டு. எங்கள் பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தை.

17 ஆகஸ்ட், புதன்

இதுவரை ஆறு செல் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் ஒரே புகார். 28-ஆம் தேதி ஞாயிறு சங்கக் கூட்டம். களவு என்று சங்கம் சொன்னால் கட்டட உரிமையாளர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். அப்புறம் மீஞ்சூர் வரை போனாலும் இவளை நம்பி எவன் போனைக் கொடுப்பான்?

அப்படி என்னதான் அந்த ஆன்டெனா என்று கேட்டேன். ஒரு செல்லைப் பிரித்துக் காட்டினாள். கட்டை விரல் நகம் அகலத்துக்கு ஒரு செப்புப் பட்டை, நண்டு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

“நீட்டி வெச்சா மூணேகால் அங்குலம் வரும் மாமு. அவ்ளோ நீளம் வேணும், அவ்ளோ எடம் இல்ல. அதான் மடிச்சு மடிச்சு வெச்சுகிறான். நீளம் கொஞ்சம் மாறினாலும் பேஜாரு.”

“டவர் எவ்வளவு ஒசரம்?”

“நூறடிக்கு மேல இருக்கும்.”

“நூறடி ராட்சசனோட பேச மூணேகால் அங்குலமா? அதான் கோளாறு. கம்பி பத்தல.”

அவள் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மாட்டி வைத்தாள்.

20 ஆகஸ்ட், சனி

பழைய மின்விசிறியைப் பிரித்துச் செப்புக் கம்பி எடுத்தேன். ஒரு ஊசியில் நாற்பத்தொரு சுற்று சுற்றி, என் சொந்த செல்லில் அந்த நண்டுத் தடத்தைப் பிடுங்கிவிட்டு இதைப் பற்றவைத்தேன். நாற்பத்தொரு சுற்று! கொழும்பு என்ன, மெக்காவே பேசும் என்று எதிர்பார்த்தேன்.

ஒரு கோடு இருந்தது. அதுவும் போய்விட்டது.

ரிஃபானா ஒரு வாரம் கழித்து இன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பழைய பட்டையை மறுபடி பொருத்திக் கொடுத்தாள். கம்பி கூடினால் அலை கூடாதாம். தையல்காரன் துணி மிச்சமிருக்கிறதென்று மூணாவது கை வைப்பானா என்று கேட்கிறாள். என்னிடம் கேட்கிறாள். ரேக்கு மஜீதிடம்.

அவசரத்தில் செல்லின் தங்க மூடியை என் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். நிர்வாணமாகச் சட்டைப்பையில் கிடக்கிறது.

23 ஆகஸ்ட், செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் காசிமேடு போனேன், தண்டபாணியிடம் ரிஃபானாவுக்காக நாலு வார்த்தை பேச. ஐஸ் உடைக்கிற கொட்டகையில் நிற்கும்போது என் செல் அடித்தது. அந்தக் கொட்டகையில் என் செல் ஒரு நாளும் அடித்ததில்லை. ஜீனத்; வரும்போது புதினா வாங்கி வா என்கிறாள். எடுத்துப் பார்த்தால் நாலு கோடு.

மூடி இல்லாத செல்.

ஓடி வந்தேன். பட்டறையில் என் தங்க மூடியை எடுத்து மாட்டினேன். ஒரு கோடு. கழற்றினேன். நாலு. மாட்டினேன். ஒன்று. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. திரும்பி வந்த ஆறு செல்லும் நான் தங்கம் பூட்டியவை. ஆறும்.

கடைக்குப் போய் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமு. அந்தப் பட்டை மேல பித்தளை வந்து மூடிக்கினா அலை உள்ள வராது. தண்டபாணி அண்ணன் வந்த அன்னிக்கே பாத்துட்டேன்.”

“இன்னாத்துக்கு சொல்லல?”

சால்டரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “சாரட்டு போனப்பறம் நீ ஆறு மாசம் யாரான்டயும் பேசல. இப்பதான் கப்பலத் திருப்பி வுட்டேன், அது இதுன்னு அளந்துகினு கீற. அத எப்டி நான் கெடுக்கறது?”

இன்னா பொண்ணு இது. என் வாய்க்காகத் தன் கடையைக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். நான் என்னடா என்றால் டவரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், மூணேகால் அங்குலத்தைத் திட்டினேன். எல்லாரையும் திட்டினேன், ஒருத்தனைத் தவிர.

24 ஆகஸ்ட், புதன்

“நீ கூட்டத்துக்கு வராத மாமு” என்கிறாள். இந்த மஜீது எந்தக் கூட்டத்துக்கு அழைப்பு பார்த்துப் போயிருக்கிறான்?

28 ஆகஸ்ட், ஞாயிறு

டீக்கடை மாடி, தகரக் கூரை, முப்பது பேர். ஜெயவேல் தொண்டையைச் செருமுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.

“காத்து வேணாமா பாய்? வெந்துகினு இருக்கோம்” என்றான் ஒருவன்.

“ரேக்கு பறந்துடும். யாரும் மூச்சும் வுடாதீங்க.”

ஜெயவேலின் செல்லை வாங்கினேன். நாலு கோடு, எல்லாருக்கும் காட்டினேன். மூடியில் எண்ணெய் தொட்டு, முப்பது பேர் பார்க்க, அரசரின் சாரட்டுக்கு ஒட்டுவது போல ரேக்கை ஒட்டி நீவினேன். முப்பது பேரும் மூச்சை அடக்கியிருந்தார்கள். அந்த மரியாதை எனக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை. பிறகு மூடியை மாட்டி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடும் மிஞ்சவில்லை என்று காட்டி, தண்டபாணியை வேறொருவர் செல்லிலிருந்து ஜெயவேலுக்குப் போன் போடச் சொன்னேன். ஒலிபெருக்கியில் கம்பெனியின் பதிவுக் குரல் அம்மா சொன்னார்: வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாராம்.

“செயலாளர் எதிர்லதான் ஒக்காந்துகினு கீறாரு” என்றேன். “எல்லைய தாண்டிப் பூட்டாருன்னு அந்தம்மாவே சொல்லுது.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மூடியைக் கழற்றினேன். மறுபடி போட்டார். அடித்தது.

அப்புறம் சொன்னேன். களவு இல்லை. டூப்ளிகேட் இல்லை. பதினோரு செல்லையும் குருடாக்கியது இந்தக் கை, ரேக்கு மஜீதின் கை. என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தண்டபாணி பக்கம் திரும்பி, உங்கள் வஞ்சிரம் போனது என்னால், மன்னிக்க வேண்டும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அலங்காரம் எதுவும் வாயில் வரவில்லை.

ஜெயவேல் விடவில்லை. “எப்டியிருந்தாலும் பொம்பளப் புள்ள கடைன்னா பேஜாருதான்.”

“பேஜாரு பண்ணது ஆம்பள. அம்பத்தாறு வயசு ஆம்பள. பூட்டு போடணும்னா இந்த வாய்க்குப் போடு. கடையில கை வெச்சுப் பாரு.”

தண்டபாணி எழுந்து ரிஃபானாவிடம் போனார். “தப்பா பேசிட்டேம்மா” என்றார். ஏலக் குரலில் சொன்னார். திருவொற்றியூர் வரை கேட்டிருக்கும். இது மிகையல்ல.

பூட்டு இல்லை.

31 ஆகஸ்ட், புதன்

பதினோரு மூடியையும் சுரண்டப் போனேன். ரிஃபானா கையைப் பிடித்தாள்.

“முழுசா இன்னாத்துக்கு சுரண்டற? ஆன்டெனா மேல்பக்கம்தான கீது. அங்க மட்டும் சுரண்டு.”

அவள் செல்லைப் பார்க்க, நான் பிளேடால் மேலிருந்து நூல் நூலாகச் சுரண்டினேன். ஒரு கோடு. இரண்டு. ஒரு விரல் அகலம் போனதும் நாலு. வழுக்கைத் தலை மாதிரி இருக்கிறது என்றேன். ஒனக்கும் அப்படித்தானே கீது, அழகாத்தான் கீற என்றாள். இதற்கு மேல் ஒரு கலைஞன் என்ன வாதாடுவது?

மூடிக்கு ஜன்னல் வைத்த முதல் மனிதன் நான். அளவெடுத்தவள் அவள்.

14 செப்டம்பர், புதன்

ஜெயவேல் கடையிலும் ஜன்னல் வைத்த தங்க மூடி தொங்குகிறது. அழகாக இருக்கட்டும் என்று ஜன்னலைக் கீழ்ப்பக்கம் வைத்திருக்கிறான். இன்று அவனிடம் வாங்கிய மூன்று பேர் இங்கே வந்தார்கள்.

25 செப்டம்பர், ஞாயிறு

தண்டபாணி தன் செல்லில் ஐஸ் தண்ணீர் பட்டு உரிந்த தங்கத்தை மறுபடி பூட்டக் கொடுத்தார், ஜன்னலோடு. ஐஸ் கொட்டகைக்குள் போய் நின்று கூப்பிட்டார். “கேக்குதா பாய்?” கேட்டது. போன் இல்லாமலும் கேட்டது.

கடைக்குப் பலகை மாட்டியாயிற்று. கறுப்புப் பலகையில் தங்க எழுத்து: ‘ரிஃபானா செல் சர்வீஸ்’. மாளிகை இல்லை, மாமு இல்லை. ரேக்கு மிச்சமிருந்தது, கீழே என் பெயருக்கு இடமும் இருந்தது. ரிஃபானாவே எழுதச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

பலகையின் பின்பக்கம் எழுதிவிட்டேன், ஒரு சாண் உயர எழுத்தில். சுவர் படித்துக்கொள்ளட்டும்.