தொழில்: சும்மா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-8-72

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. காமாட்சி கிருபையில் இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சௌக்கியம், நாகபுரியில் உன் சௌக்கியத்தை எழுது. இந்த வரியை வழக்கத்துக்காக எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு நிஜம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை படிக்காமல் மடித்து வைத்துவிடாதே.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. தம்பி கலியாணசுந்தரம் உரக்கப் படித்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுக் கடிதத்திலும் நீ வருஷா வருஷம் கணக்கெடுக்கப் போகும் கிராமத்தில் இருக்கும் அந்த சக்குபாய்தான். முதல் வருஷம் நீ கணக்கெடுக்கப் போனபோது அவள் வீட்டுக்குப் புல் கூரை, இந்த வருஷம் ஓடு போட்டுவிட்டாள், மண் குடம் போய்ப் பித்தளைக் குடம் வந்துவிட்டது, மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள், நீ போனால் சோள ரொட்டி சுட்டு நீ சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அது போதாதென்று அவள் கண்ணைப் பார்த்ததுமே புரை விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நீயே பஸ் ஏற்றிக் கண் முகாமுக்குக் கூட்டிப்போனாயாம். படித்து முடித்ததும் தம்பி, அக்கா எவ்ளோ நல்ல வேலை செய்யுது பாரும்மா என்றான். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். மறைப்பானேன், எனக்குப் பொறாமை. முகம் தெரியாத ஒரு பொம்பளை மேல், எந்த ஊர் என்றுகூட எனக்குச் சரியாகச் சொல்ல வராத ஒருத்தி மேல் வயிறு எரிகிறது. நீ நம் வீட்டுக்குக் கடைசியாக வந்தது போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு, நாலு நாள், அதில் இரண்டு நாள் உனக்குக் காய்ச்சல். அவள் வீட்டுக்கு மட்டும் வருஷம் தவறாமல் போய் என்ன ஏறியது என்ன இறங்கியது என்று பார்க்கிறாய். உனக்கு அது வேலை, எனக்குத் தெரிகிறது, தெரிந்தாலும் எரிகிறது.

இதற்கு நடுவில் புதன்கிழமை நம் தெருவுக்கும் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். உன் வயசுதான் இருக்கும், கையில் அட்டை, பென்சில், நெற்றியெல்லாம் வியர்வை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் எடுத்த தாளையும் கூடவே கொண்டுவந்திருந்தாள், அன்றைக்கு இருந்ததையும் இன்றைக்கு இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். அந்தப் பழைய தாளில் உன் பேர் இருந்தது, வயசு பதினேழு, படிப்பு என்று எழுதி. மோர் கொடுத்து உட்காரவைத்தேன். விளக்கு என்ன என்றாள், அப்போது சிம்னி, இப்போது கரண்டு. தண்ணீர், அப்போது கிணறு, இப்போது தெருக்குழாய். ரேடியோ உண்டா, உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்றாள், நாலு பேர் என்று உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆறு மாசத்துக்கு மேல வெளியூர்ல இருக்கறவங்கள எழுதக்கூடாதும்மா, அவங்க எங்க சாப்பிடறாங்களோ அங்கதான் எழுதுவாங்க என்று சொல்லி உன் பேரை அடித்துவிட்டாள். ஒரே கோடுதான். உன் தாத்தாவும் போய்விட்டார், ஆக அன்றைக்கு ஐந்து, இன்றைக்கு மூன்று. அதற்கு அந்தப் பெண் சொன்னதைக் கேள், ஆள் கொறஞ்சா இருக்கறது ஆளுக்குக் கொஞ்சம் அதிகமா வரும் இல்லையாம்மா, அந்தக் கணக்குல உங்க வீடு நல்லாவே முன்னேறியிருக்குது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ வீட்டை விட்டுப் போனதுகூட முன்னேற்றத்தில் சேர்ந்துவிட்டது மங்கை. எதிர்வீட்டு ஜெயம்மாள் வீட்டில் ஐந்து பேர் ஏழு பேராகியிருக்கிறார்கள், அவள் வீடு அந்தக் கணக்கில் கீழே இறங்கிவிட்டதாம். இரண்டு பேரப் பிள்ளைகளை இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக வைத்துக்கொண்டு இறங்கிப்போயிருக்கிறாள், அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

அப்புறம்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். அப்பாவுக்கு என்ன தொழில் என்றாள், நெசவு. தம்பிக்கு, நெசவு. நீங்க என்னம்மா செய்யறீங்க என்று கேட்டாள். நான் சும்மாதாம்மா இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். சொல்லும்போது என் கையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது மங்கை, அப்பா தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் தாராகச் சுற்றிக்கொண்டேதான் சும்மா இருக்கிறேன் என்று சொன்னேன். நம் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஜெயம்மாளும் அதையேதான் சொன்னாள். பழைய தாளில் என் பேருக்கு நேரே என்ன இருக்கிறது என்று கேட்டேன், அதிலும் தொழில் எதுவும் இல்லை. பத்து வருஷமாக நான் மட்டும் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அவள் போனபிறகுதான் உன் பழைய கடிதம் ஒன்று ஞாபகம் வந்தது, சக்குபாயும் தான் எந்த வேலையும் செய்வதில்லை என்றுதான் சொன்னாளாம், நீ விடாமல், காலையில் எழுந்ததும் என்ன செய்தாய், அதற்கப்புறம் என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினாயாம். என்னை அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள் சொல்.

வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்றும் அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். இனி நிஜத்தைச் சொல்கிறேன். தை மாசத்திலிருந்து எனக்கு வலது கண் மங்கல். வெளிச்சத்தில் பாலாடை படிந்த மாதிரி இருக்கிறது. தாரை விரல் பழக்கத்தில் சுற்றிவிடுகிறேன், நிறம்தான் ஏமாற்றுகிறது. போன மாசம் அரக்குக்குப் பதிலாகக் கத்திரிப்பூ நிறத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன், விடியற்காலையில் அரை வெளிச்சத்தில் அப்பாவும் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டார், அப்புறம் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தார். என்னைத் திட்டவில்லை, என்னா கமலாட்சி, தூக்கமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. எழுத்து இத்தனை பெரிதாக இருக்கிறதே, வரி கோணுகிறதே, நாலு கடிதமாக உனக்குத் தோன்றவில்லையா? சக்குபாய் கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தவள் நீ. ஒவ்வொரு கடிதத்திலும் சௌக்கியம் என்று எழுதிவந்தேனே, அதுவும் அந்தச் சும்மா மாதிரிதான்.

தீபாவளிக்கு லீவு கேள். இந்தத் தரம் மகளாக வராவிட்டாலும் பரவாயில்லை, கணக்கெடுப்புக்காரியாகவே வா, அட்டையும் பென்சிலும் மறக்காமல் எடுத்து வா. எதிரில் உட்கார்ந்து காலையில் எழுந்ததிலிருந்து கேள், சும்மா என்று சொல்லமாட்டேன். உன்னை அழைத்துக்கொண்டுதான் கண் டாக்டரிடம் போவேன், அதுவரை அப்பாவிடம் மூச்சு விடாதே. சோள ரொட்டி எனக்குச் சுட வராது, கோயில் இட்லி செய்து வைக்கிறேன், நீ சாப்பிடும் வரை நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு நட. சக்குபாயின் கண் இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுது. ஏகாம்பரநாதர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
கமலாட்சி
வயசு: நாற்பத்தொன்பது
தொழில்: தார் சுற்றுவது